மின்மானியும் வானொலி அலையும்

மின்சாரத்தைத் தராசில் இட்டு நிறுத்து விற்றார்கள் என்றால், இன்று அதனை நம்புவார் சிலரே. ஆயினும் அது நடந்த செய்தி. 1882ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள், நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் தாமஸ் ஆல்வா எடிசன் தம் மின் நிலையத்தை இயக்கிவைத்தார். அன்று எரிந்தவை ஏறத்தாழ 400 விளக்குகள். விளக்கு எரிந்துவிட்டது, மக்களும் வியந்துவிட்டனர். ஆனால் எந்தக் கட்டடத்தில் எவ்வளவு செலவாயிற்று என்பதை எவ்வாறு அறிவது? எண்ணெயாயின் படியால் அளக்கலாம். விறகாயின் கட்டாக எண்ணலாம். கண்ணுக்குத் தெரியாமல் கம்பிக்குள் ஓடும் பொருளுக்குப் படி ஏது, மரக்கால் ஏது?

எடிசன் கண்டது வேதியியல் வழி. துத்தநாக உப்புக் கரைசல் நிரம்பிய ஒரு கண்ணாடிச் சாடி. அதனுள் இரண்டு துத்தநாகத் தகடுகள். உள்ளே போகும் மின்னோட்டத்தில் மிகச் சிறிய, ஆனால் அளவு தெரிந்த, ஒரு பங்கு மட்டும் இச்சாடியின் வழியே செல்லும். செல்லுந்தோறும் ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றொன்றில் படியும். மாதம் ஒரு முறை கம்பெனியின் ஆள் வந்து பழைய தகடுகளை எடுத்துக்கொண்டு புதியவற்றை வைத்துச் செல்வார். கொண்டுபோன தகடுகளைக் கழுவி, உலர்த்தி, நுண்தராசில் நிறுப்பார்கள். எடை எவ்வளவு மாறிற்றோ அதைக் கொண்டு கட்டணம் விதிப்பார்கள். குளிர்காலத்தில் கரைசல் உறையாதிருக்க அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு விளக்கையும் வைத்தார்கள். மின்சாரத்தை அளப்பதற்கே மின்சாரம் செலவாயிற்று என்பது வேடிக்கைதான். பேர்ல் தெரு நிலையத்தின் முதற் கட்டணச் சீட்டு 1883 ஜனவரி 18ஆம் நாள் அன்சோனியா பித்தளை செப்புக் கம்பெனிக்குப் போயிற்று. தொகை 50 டாலர் 44 சென்ட்.

கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் பணம் கொடுப்பவருக்கு அது தெரிய வழியில்லை. சாடியை உற்று நோக்கினால் இரண்டு தகடுகள் தெரியுமே தவிர, எண் ஒன்றும் தெரியாது. எடிசனுக்கு முதல் கொடுத்து உதவிய பெரும் வங்கியாளர் ஜே. பி. மார்கனுக்கே ஐயம் எழுந்துவிட்டது. இக்கதையை எடிசன் பிற்காலத்தில் தாமே சொல்லியிருக்கிறார். தம் அலுவலகத்தின் ஒவ்வொரு விளக்கருகிலும் மார்கன் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, விளக்கை ஏற்றிய நேரத்தையும் அணைத்த நேரத்தையும் குறிக்கச் செய்தார். மாத முடிவில் அட்டைக் கணக்கு குறைவாகவும் மானிக் கணக்கு மிகுதியாகவும் இருந்தன. அடுத்த மாதமும் அப்படியே. எடிசன் நேரில் சென்று விசாரித்தார். இரவில் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் பணியாள் விளக்கு ஏற்றுவதுண்டு என்பதும், அவருக்கு அட்டை எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதும் தெரியவந்தன. அவருக்கும் அட்டை கொடுத்த பிறகு இரண்டு கணக்கும் சில காசு வேறுபாட்டில் ஒத்துப்போயின. மார்கன் அதன்பின் மானியை ஐயுறவில்லை.

மார்கனுக்கு அட்டை அடிக்க வசதி இருந்தது. மற்றவர்கள் கம்பெனி சொன்னதைக் கொடுத்தார்கள்.

இதை எழுதும்பொழுது எனக்கு என் தந்தையாரின் பால் ஸ்டோர் நினைவுக்கு வருகிறது. நான் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். மரம் வெட்டிச் சேர்த்த பாலைத் தொழிலாளர்கள் முற்பகலில் ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். தராசில் பால் நிறுக்கப்படும். முள் எங்கே நிற்கிறது என்பதை வாளி கொண்டுவந்தவரும் பார்க்கலாம், கிராணியும் பார்க்கலாம். அது முடிந்ததும் கிராணி மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்குவார். தண்ணீர் எவ்வளவு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதை அது காட்டும். கூலி அந்த உலர்ந்த எடைக்குத்தான். கருவியின் தண்டில் நுண்ணிய கோடுகள் இருக்கும். கிராணி குனிந்து பார்ப்பார்; ஓர் எண்ணைச் சொல்வார்; புத்தகத்தில் எழுதிக்கொள்வார். என் தந்தையார் தராசைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. மெட்ரோலாக்கைப் பற்றி நாள்தோறும் சொல்வார். கிராணி ஏமாற்றினாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பெரும்பாலும் ஏமாற்றியிருக்க மாட்டார். தந்தையாரின் குறை அது பற்றியதன்று. அந்தக் கோட்டை அவரால் வாசிக்க முடியவில்லை. அதுவே குறை.

ஆகவே மானியின் வரலாற்றை நான் ஒரே ஒரு கேள்வியோடு படித்துவந்திருக்கிறேன். அளக்கின்ற எண்ணை யார் யார் பார்க்க முடிந்தது? தூரத்திலிருந்தே மானியை வாசிக்கும் இக்கால முறைக்கும் இக்கேள்வி பொருந்தும் என்பதை அன்பர்கள் காண்பார்கள்.

வேதியியல் மானி நெடுநாள் நிலைக்கவில்லை. 1888ஆம் ஆண்டு, பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் பணிபுரிந்த ஆலிவர் ஷாலன்பர்கர் ஒரு வில்விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். சிறு சுருள்வில் ஒன்று கழன்று விளக்கின் கம்பிச்சுருளருகே விழுந்து, தானாகச் சுழன்றது. மாறுமின்னோட்டத்தின் காந்த விசையே அதனைச் சுழற்றுகிறது என்று உணர்ந்த அவர், சில வாரங்களில் அதனைக் கொண்டே ஒரு மானியை அமைத்துவிட்டார். அடுத்த ஆண்டு ஹங்கேரி நாட்டில் கான்ஸ் தொழிற்சாலையின் பொறியாளர் ஒட்டோ பிளாத்தி இத்தத்துவத்தைக் கொண்டு செலவான ஆற்றலையே அளக்கும் மானிக்கு உரிமம் பெற்றார். அலுமினியத் தட்டு ஒன்று சுழலும். பற்சக்கரங்கள் அதனோடு சுழலும். முகப்பில் முட்கள் நகரும். மிகுதியாகச் செலவழித்தால் தட்டு விரைந்து சுழலும். விளக்கை அணைத்தால் தட்டும் ஓய்ந்துவிடும். நூறு ஆண்டுக்கு மேலாக உலகெங்கும் சுவரில் தொங்கியது இந்த மானியே.

அதன் முகப்பை வாசிப்பதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தொட்டுச் சுழல்வதால் அடுத்தடுத்த முட்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும். ஒரு வட்டத்தில் எண்கள் வலமாகவும் அடுத்ததில் இடமாகவும் ஏறும். ஆறாம் ஆண்டு மாணவருக்கு இதை ஒரு பாட வேளையில் கற்பித்துவிடலாம், நான் கற்பித்திருக்கிறேன். கற்றுக்கொண்ட பிள்ளை வீட்டுக்குப் போய்த் தன் வீட்டு மானியை வாசித்துவிடும். பிற்கால மானிகளில் எண்கள் நேராகவே தெரிந்ததால் அந்தப் பாடமும் தேவைப்படவில்லை. மாதந்தோறும் வருகிறவர் எந்த எண்ணைப் பார்த்து எழுதுகிறாரோ, அதே எண்ணை வீட்டுக்காரரும் பார்க்கலாம். பால் ஸ்டோரின் தராசு போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் மானி வாசிப்பவரை வரவேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது? அதற்குக் காரணம் மின்சாரக் கம்பெனிகள் அல்ல. எரிவாயுக் கம்பெனிகளும் தண்ணீர்க் கம்பெனிகளுமே முதலில் தவித்தன. அமெரிக்காவின் குளிர்ப்பகுதிகளில் தண்ணீர் மானியை வெளியே வைத்தால் குழாயோடு உறைந்து வெடித்துவிடும். ஆதலால் அது வீட்டின் நிலவறையில் இருக்கும். எரிவாயு மானியும் பல வீடுகளில் அங்கேதான். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் காலம் வந்ததும் பகலில் கதவு திறப்பார் இல்லை. நாய்க்கடியும் உண்டு, பனியில் வழுக்கி விழுவதும் உண்டு. வாசிக்க முடியாத மாதத்தில் முன்மாதக் கணக்கைப் பார்த்து ஒரு மதிப்பீட்டைப் போட்டுவிடுவார்கள். மதிப்பீடு தவறினால் பின்னொரு மாதம் பெருந்தொகை ஒன்று ஒரேயடியாக வந்து நிற்கும். நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில்கூட இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மானியை வாசித்து, இடைப்பட்ட மாதத்துக்கு மதிப்பீட்டுக் கணக்கு அனுப்புவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது.

தொலைபேசிக் கம்பி வழியாக மானியை வாசிக்கும் சோதனைகள் 1960களிலேயே அமெரிக்காவில் நடந்தன. கிரேக்க நாட்டிலிருந்து வந்த தியோடர் பரஸ்கெவாகோஸ் என்ற பொறியாளரின் பெயரை இங்குச் சொல்ல வேண்டும். அழைப்பவரின் எண்ணை அழைக்கப்படுபவருக்குக் காட்டும் முறையைப் பற்றி 1968இல் ஆராயத் தொடங்கியவர் அவர். கருவியொன்று தன் அடையாளத்தைத் தானே சொல்லிக்கொள்ளுமானால், தன் கணக்கையும் சொல்லலாம் அல்லவா? தீ எச்சரிக்கை, திருட்டு எச்சரிக்கை, மானி வாசிப்பு ஆகிய மூன்றையும் தொலைபேசி வழியே அனுப்பும் அமைப்புக்கு 1974இல் உரிமம் பெற்றார். 1977இல் மெட்ரிடெக் என்ற கம்பெனியையும் தொடங்கினார். முறை நல்ல முறைதான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மானிக்கும் தொலைபேசிக்கும் கம்பி இழுக்க வேண்டும். தொலைபேசிக் கம்பெனியின் இசைவும் வேண்டும். கம்பியே இல்லாமல் செய்தால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே பிறந்தது.

மெட்ரிடெக் தோன்றிய அதே 1977இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஐட்ரான் என்ற சிறு கம்பெனியும் தோன்றிற்று. மானி வாசிப்பவர் கையிலிருந்த தாள் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு கைக்கருவியைக் கொடுப்பதுதான் அதன் முதல் வேலை. நம் நாட்டில் மானி வாசிப்பவர் வாயிலில் நின்றபடியே கட்டணச் சீட்டை அச்சிட்டுக் கொடுத்துச் செல்கிறாரே, அவர் கையில் உள்ளதும் அந்தக் குடும்பத்துக் கருவிதான். பின்னர் மின்னியாபோலிஸ் நகரின் என்ஸ்கேன் கம்பெனி வானொலி அலையால் பேசும் ஒரு சிறு பெட்டியை மானியின்மேல் பொருத்தும் வழியைக் கொண்டுவந்தது. 1992இல் இரண்டும் இணைந்தன. மினசோட்டா மாநிலத்தின் மினிகாஸ்கோ எரிவாயுக் கம்பெனி 1986இல் ஏறத்தாழ 4,50,000 மானிகளுக்கு வானொலி வாசிப்பை ஏற்பாடு செய்யத் தொடங்கிற்று. பெரிய அளவில் மானிகள் வான்வழியாகப் பேசத் தொடங்கியது அப்பொழுதுதான் எனலாம்.

அந்தப் பெட்டி வேலை செய்யும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அதில் ஒரு தலைமையாசிரியருக்குப் பிடித்த நுட்பம் இருக்கிறது. எரிவாயு மானியில் மின்சாரம் இல்லை. ஆகவே பெட்டிக்குள் ஒரு மின்கலம் இருக்க வேண்டும். அதுவும் பல்லாண்டு காலம் உழைக்க வேண்டும், ஏனெனில் மின்கலம் மாற்ற ஆளை அனுப்பினால் மிச்சப்பட்டது என்ன? எனவே பெட்டி பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். கம்பெனியின் வேன் தெருவழியே மெல்லச் செல்லும். செல்லும்பொழுதே எழுப்பும் ஒலி போன்ற ஓர் அலையை வீசும். அது பட்டதும் அருகில் உள்ள பெட்டிகள் எல்லாம் விழித்துக்கொண்டு மறுமொழி சொல்லும்.

இங்கேதான் சிக்கல். ஒரு தெருவில் ஐம்பது வீடு இருந்தால் ஐம்பது பெட்டியும் ஒரே நேரத்தில் பேசும். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, பெயர் சொல்லாமல் பொதுவாக அழைத்தால், நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் உள்ளேன் ஐயா என்பார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று ஆசிரியருக்கு ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்க இங்கே நேரமில்லை. எனவே வேறொரு வழியைக் கையாண்டார்கள். ஒவ்வொரு பெட்டியும் தன் மறுமொழியைப் பலமுறை சொல்லும். ஒவ்வொரு முறையும் முன்கூட்டி அறிய முடியாத நேர இடைவெளியில், வேறு வேறு அலைவெண்ணில் சொல்லும். சில மோதிக் கெடும். ஏதேனும் ஒன்று தப்பி வந்து சேரும். ஒன்று வந்தால் போதும். அலைவெண்ணுக்கு இடம் கிடைத்ததும் ஒரு நல்ல வாய்ப்பு. 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் தனித்தனி உரிமம் இல்லாமலே குறைந்த வலிமையில் அலையைப் பரப்பிப் பேசுவதற்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1985இல் வழிவிட்டிருந்தது.

மறுமொழி மிகச் சுருக்கமானது. இக்கணினி மொழியில் ஒன்று அல்லது சுழி என்ற துணுக்குகள் 96 மட்டுமே. செய்தியின் தொடக்கத்தைக் காட்டும் அடையாளம், பெட்டியின் எண், மானி எரிவாயுவா தண்ணீரா மின்சாரமா என்ற வகை, யாரேனும் அதைச் சாய்த்தோ கழற்றியோ பார்த்தார்களா என்ற குறிப்பு, செலவு எண், இறுதியில் ஒரு சரிபார்ப்பு எண். சரிபார்ப்பு எண் நாம் கழித்தலைக் கூட்டிச் சரிபார்ப்பது போன்றது. வழியில் ஒரு துணுக்கு மாறினாலும் வாங்கும் கருவி கண்டுபிடித்து அச்செய்தியைத் தள்ளிவிடும். வாரக்கணக்கில் ஆட்கள் நடந்து செய்த வேலையை ஒரு வேன் ஒரே நாளில் முடித்துத் திரும்பியது. பிற்காலத்துப் பெட்டிகளோ எழுப்பும் அலைக்குக் காத்திருப்பதையும் விட்டுவிட்டன. குறிப்பிட்ட இடைவெளியில், கேட்பார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தம் கணக்கைத் தாமே சொல்லிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு குறை இருந்தது. 96 துணுக்கில் மறைமொழி எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்பதற்கு அப்பொழுது மலிவான கருவி இல்லை, அவ்வளவுதான். அந்தக் கருவியும் பிறகு வந்தது. தென் கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தெருவில் செல்லும் எவரும் இம்மானிகளின் பேச்சைக் கேட்கலாம் என்று காட்டினார்கள். சில மானிகள் அரை நிமிடத்துக்கு ஒரு முறை பேசியதால், எண் ஏறுகிறதா நிற்கிறதா என்பதைக் கொண்டு வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்றும் உய்த்தறிய முடிந்தது. முன்பு வீட்டுக்காரரும் கம்பெனியும் பார்த்த எண்ணை இப்பொழுது வழிப்போக்கனும் பார்க்கலாம் என்றாயிற்று. நான் எழுப்பிய கேள்விக்கு இப்படியும் ஒரு விடை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மின்சார மானியின் நிலை வேறு. அதற்கு மின்கலம் தேவையில்லை. எப்பொழுது வேண்டுமானாலும் பேசலாம். 1990களின் நடுவில் மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகர மின் கம்பெனிக்காக செல்நெட் என்ற கம்பெனி வேனையும் நீக்கிவிட்டது. தெருக்கம்பங்களில் வாங்கும் கருவிகளைப் பொருத்தி, நூறாயிரக்கணக்கான மானிகளை நாள்தோறும் கேட்கச் செய்தது. அடுத்து வந்த முறையில் ஒரு மானி தன் கணக்கை அண்டை வீட்டு மானிக்குச் சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்ல, இப்படியே கைமாறி நடு நிலையம் சேரும். தோட்டத்தில் பிரட்டுக்களச் செய்தி லயத்துக்கு லயம் வாய்வழியே போய்ச் சேர்வது போன்றதுதான் இது. எல்லா நாடும் வானொலியையே நம்பியது என்று கருதவேண்டா. 2001இல் தொடங்கி ஏறத்தாழ 3 கோடி மானிகளை மாற்றிய இத்தாலியின் எனல் கம்பெனி, மானியிலிருந்து தெருவின் மின்மாற்றி வரை மின்கம்பியையே தூதாகக் கொண்டது. அதற்கு அப்பால்தான் கைப்பேசி வலையமைப்பைப் பயன்படுத்திற்று.

ஆளை அனுப்பும் செலவு இல்லை என்றதும் அடிக்கடி வாசிக்கத் தடையும் இல்லை. மாதம் ஒரு முறை வாசித்தால் ஆண்டுக்கு 12 எண்கள். கால் மணிக்கு ஒரு முறை என்றால் நாளொன்றுக்கு 96, ஆண்டுக்கு 35,040. பன்னிரண்டு எண்ணைப் பார்த்து ஒரு குடும்பம் எவ்வளவு செலவழித்தது என்று சொல்லலாம். முப்பத்தையாயிரம் எண்ணைப் பார்த்தால் எப்பொழுது எழுந்தார்கள், எப்பொழுது வெளியே போனார்கள், எந்த வாரம் ஊரில் இல்லை என்பதையும் சொல்லலாம்.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஹார்ட். 1980களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், சூரிய மின்தகடு பொருத்திய வீடுகளின் செலவுக் கணக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். வரைபடத்தில் படிக்கட்டுப் போல ஏற்றமும் இறக்கமும் தெரிந்தன. குளிர்பெட்டி ஓடத் தொடங்கினால் ஓர் உயரம். தண்ணீர் சூடாக்கும் கருவி இயங்கினால் வேறோர் உயரம். ஒவ்வொரு கருவிக்கும் தன் உயரம் உண்டு. ஆகவே வீட்டுக்குள் நுழையாமலே, வெளியில் உள்ள ஒரே மானியைக் கொண்டு, உள்ளே எந்தக் கருவி எப்பொழுது ஓடிற்று என்று பிரித்தறிய முடியும் என்று அவர் காட்டினார். போற்றத்தக்க செய்தி என்னவென்றால், தம் முறை வேவு பார்க்கவும் உதவும் என்று 1989ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் எச்சரித்தும் விட்டார். பயன்பாட்டை மட்டும் பேசிவிட்டுத் தீங்கை மற்றவர் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடும் ஆராய்ச்சியாளர் பலர். ஹார்ட் அவ்வாறு செய்யவில்லை.

எச்சரிக்கை வீணாகவில்லை. நெதர்லாந்து நாட்டில் எல்லா வீட்டுக்கும் இத்தகைய மானியைக் கட்டாயமாக்கும் சட்ட முன்வரைவை 2009இல் மேலவை ஏற்க மறுத்தது. குடும்ப வாழ்வின் மறைவுரிமையே அங்குப் பேசப்பட்டது. பின்னர் வேண்டாம் என்பவர் மறுக்கலாம் என்று திருத்தி நிறைவேற்றினர். அமெரிக்காவின் நேப்பர்வில் நகரில் வழக்கே நடந்தது. கால் மணிக்கு ஒரு முறை வீட்டின் செலவைப் பதிவது, அரசு வீட்டைச் சோதனையிடுவதற்கு ஒப்பாகும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் கூறிற்று. ஆனால் குற்றம் தேடும் நோக்கமின்றி மின் விநியோகத்தைச் சீர்செய்யும் நோக்கத்தோடு செய்வதால், அச்சோதனை முறையானதே என்றும் கூறி நகராட்சிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இரண்டு கூற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவோரை நான் இருபக்கமும் பார்த்திருக்கிறேன்.

கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்டில் 2009ஆம் ஆண்டு எழுந்த குழப்பம் வேறு வகையானது. புதிய மானி பொருத்தியதும் கட்டணம் மிகுந்துவிட்டது என்று மக்கள் கொதித்தெழுந்தார்கள். மாநிலக் கட்டுப்பாட்டு ஆணையம் வெளியாரைக் கொண்டு ஆராயச் செய்தது. மானிகள் சரியாகவே அளந்தன என்று 2010இல் அறிக்கை வந்தது. கட்டண விகிதம் உயர்ந்ததும், அவ்வாண்டுக் கோடை கடுமையாக இருந்ததும், மானி மாறியதும் ஒரே காலத்தில் நேர்ந்துவிட்டன. ஆயினும் அதே அறிக்கை மின் கம்பெனியைக் கண்டிக்கவும் தவறவில்லை. வந்த முறையீடுகளுக்கு உரியபடி விளக்கம் சொல்லவில்லை என்பது அதன் குறை. மார்கன் அலுவலகத்துக்கு எடிசன் தாமே போனார். பேக்கர்ஸ்பீல்டு வீடுகளுக்கு அப்படி யாரும் போகவில்லை.

நம் நாட்டில் தெனாகா நேஷனல் நிறுவனம் இத்தகைய மானிகளை 2018 முதல் மலாக்காவில் பெருமளவில் பொருத்தத் தொடங்கி, பின்னர்க் கிள்ளான் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தது. நாம் அதனை விவேக மானி என்கிறோம். சிங்கப்பூரில் மின் மானிகளோடு தண்ணீர் மானிகளும் மாறிவருகின்றன. பொதுப் பயனீட்டுக் கழகம் 2022இல் தொடங்கிய முதற்கட்டத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் தண்ணீர் மானிகளைத் திட்டமிட்டது. குழாய் எங்கேனும் ஒழுகினால், இரவு முழுதும் எண் ஏறிக்கொண்டிருப்பதைக் கண்டு வீட்டுக்காரருக்கு அறிவிக்கலாம் என்பது அதன் சிறப்பு. இது மெய்யான நன்மை. முன்பு அத்தகைய ஒழுகலை இரண்டு மாதம் கழித்துக் கட்டணச் சீட்டுத்தான் நமக்கு அறிவிக்கும்.

எங்கள் வீட்டிலும் விவேக மானி வந்துவிட்டது. மாதந்தோறும் வந்துபோன இளைஞர் வருவதில்லை. அவர் வேறு வட்டாரத்தில் பணி செய்வதாகக் கேள்வி. என் தந்தையாருக்கு இப்பொழுது வயது எண்பதுக்கு மேல். மானியின் முகப்பில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறித் தோன்றும். எது தேதி, எது நேரம், எது செலவு என்று அவருக்கு ஒரு மாலைப்பொழுது சொல்லிக் கொடுத்தேன். அதன்பின் மாதத்தின் முதல் நாள் விடியலில் கண்ணாடி போட்டுக்கொண்டு மானியருகே நிற்பார். செலவு எண் தோன்றியதும் சுவர் நாட்காட்டியின் அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதிவிடுவார்.

மூன்றாம் மாதம் கட்டணச் சீட்டிலிருந்த எண்ணுக்கும் நாட்காட்டியிலிருந்த எண்ணுக்கும் இரண்டு யூனிட் வேறுபாடு இருந்தது. தந்தையார் என்னை விடவில்லை. விடுமுறை நாளொன்றில் இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: கணக்கு நள்ளிரவில் அனுப்பப்பட்ட எண்ணைக் கொண்டு போடப்படுகிறது; ஐயா காலையில் எழுதியிருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தந்தையார் பேசவில்லை. வந்ததும் நள்ளிரவு முதல் விடியல் வரை வீட்டில் எது எது ஓடுகிறது என்று ஒரு பட்டியல் போடச் சொன்னார். குளிர்பெட்டி, என் அறையின் காற்றாடி, வாயில் விளக்கு, பேரனின் அறையில் உள்ள குளிர்சாதனம். கூட்டிப் பார்த்தோம். இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் வந்தது.